படம் கொஞ்சம் இருட்டு

கெமி
14 செப்டம்பர் 1986

அன்புள்ள தங்கை ஹில்க்காவுக்கு,

மாப்பிள்ளை வில்ஹோவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏண்ணா, ஆயுசு பூரா பிள்ளைங்களுக்குப் பௌதிகம் சொல்லிக் குடுத்த மனுஷன் நீ. இந்த வயசுல ரப்பர் பூதத்தை உக்காந்து பாக்குறியே, உனக்கே சிரிப்பா இல்ல?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்தேன். ஆறு மாதம் யோசித்துவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

முதலில், நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தனி வீடு எப்படி இருக்கிறது?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைப்போம். சில பிள்ளைகள் அப்பா வாங்கிக் கொடுத்த கருவியைக் கொண்டுவருவார்கள். அழகாக வேலை செய்யும். இன்னொரு பிள்ளை மீன் டப்பாவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஒன்று செய்திருப்பான். வேலை செய்யாது. ஆனால் அவன் என்ன யோசித்தான், எங்கே தடுமாறினான், எங்கே ஒட்டுப் போட்டான் என்பதெல்லாம் வெளியே தெரியும். நான் பரிசை முதல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அந்த டப்பாவைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். என் படங்கள் அந்த டப்பாக்கள்.

உனக்கு ஒரு வீடியோ கேசட் அனுப்பியிருக்கிறேன். 'சேற்றின் மூன்றாவது கை.' அமெரிக்கப் படம். கடைசியில் பூதத்தைச் சுடுகிறார்கள். விழுவதற்கு முன் அது ஒரு கணம் திரும்பி, கல் இல்லாத இடமாகப் பார்க்கிறது. உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கு முதுகு வலிக்கும் என்பதை அந்த ஒரு கணம் சொல்லிவிடுகிறது. பெரிய படங்களில் எனக்கு இது கிடைத்ததில்லை.

இவை கடைகளில் கிடைப்பதில்லை. ரசிகர்கள் தபாலில் கைமாற்றிக்கொள்கிறோம். எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு மரியாதை உண்டு. கதையைத் திட்டலாம், நடிப்பைத் திட்டலாம், பூதத்தைத் திட்டலாம். ஆனால் கேசட் அனுப்பியவரிடம் படம் மங்கல், இருட்டு என்று மட்டும் சொல்லக் கூடாது. பிரதி எடுத்தவர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். குறை இருந்தால் நம் டெக்கில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

வில்ஹோ ஐஸ் ஹாக்கி பார்க்க வாங்கிய டெக் சும்மாதானே கிடக்கிறது? போட்டுப் பார். பார்த்துவிட்டுத் திட்டி எழுது.

உன் அண்ணன்
தௌனோ


பூரோஸ்
5 அக்டோபர் 1986

அண்ணா,

நலமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூக்கம் அதற்கு இஷ்டப்பட்ட நேரத்தில் வருகிறது. உன் முழங்காலில் கம்பளி சுற்று.

பிற்பகல் திரையை இழுத்துவிட்டு உன் சேற்றைப் போட்டேன். எதிர்வீட்டு லெம்பி தெரியுமல்லவா, நம் நாட்டுச் சவோ பக்கத்துக்காரி, தையல் ஆலையில் என் பக்கத்து மெஷின்? அவள் உப்பு கேட்டு வந்தவள் பூதம் தலை நீட்டிய நேரத்தில் உள்ளே நுழைந்தாள்.

"அடிப்பாவி, வில்ஹோ போயி வருஷம் திரும்பல, வீட்டுல பேய ஓட்டிக்கிட்டு இருக்கியே!"

"பேய் இல்லடி, சேறு."

"சேறு பாக்கணும்னா வாசலுக்கு வா, வேணுங்கிற மட்டும் கெடக்கு."

உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் முழுவதும் பார்த்தேன். அந்த உடையை வெட்டியவன் கையில் கத்தரியைக் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். அக்குளைக் கீழே இறக்கி வெட்டியிருக்கிறான். பாவம், பூதத்தால் கையைத் தூக்கவே முடியவில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. நீ அதைக் கொடூரம் என்று நினைத்திருப்பாய். அது தையல் கோளாறு. இடது அக்குளில் தையல் பிரிந்து உள்ளே வெள்ளைப் பனியன் தெரிகிறதே, கவனித்தாயா?

நீ சொன்ன அந்தக் கல் பார்க்கும் இடத்தில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். வில்ஹோவும் படகில் ஏறுமுன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் பார்ப்பார்.

இன்னொன்று அனுப்பு. படம் கொஞ்சம் இருட்டு. உங்கள் மரியாதைப்படி இதை நான் சொல்லவில்லை.

தங்கை
ஹில்க்கா


கெமி
20 அக்டோபர் 1986

அன்புள்ள ஹில்க்கா,

உடம்பு சுகம். வளைகுடாவில் ஓரமாகப் பனி கட்டத் தொடங்கியிருக்கிறது. உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். பனியனுக்காகப் படத்தைத் திரும்ப ஓட்டினேன். இருக்கிறது! ஐந்தாறு வருடமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன், அந்தப் பனியனை நான் பார்த்ததே இல்லை.

நீ சொல்லாத அந்த விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போடுகிறான். அவனைப் பார்த்து அடுத்தவன் எழுதுகிறான். அடுத்தவனைப் பார்த்து அடுத்தவன். கடைசி பெஞ்சுக்குப் போகும்போது ஏழு ஒன்றாகிவிடும், ஆனால் விடையின் உருவம் மட்டும் இருக்கும். உன் கேசட் கடைசி பெஞ்சு. பிரதிக்குப் பிரதி ஓரங்கள் கருக்கும், நிறம் கசியும்.

அது தவிர, படம் எடுத்தவர்களே இருட்டைத்தான் விரும்பினார்கள். சுவர் கட்டப் பணமில்லையா, இருட்டு. பூதத்துக்குக் கால் செய்யவில்லையா, இருட்டு. உலகத்திலேயே மலிவான அலங்காரம் அதுதான்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். விளக்கையெல்லாம் அணைத்துவிடு. நாற்காலியை நெருக்கிப் போடு. கண் பழகிவிடும்.

இத்துடன் 'வியாழனின் விருந்தாளிகள்.' இத்தாலியர்கள் எடுத்தது. விண்கலம் மாவு சலிக்கும் சல்லடை. துப்பாக்கி தலைமுடி உலர்த்தும் கருவி. அதைப் பிடித்திருக்கும் கை மட்டும் உண்மையாகவே நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகப் பார்.

அன்புடன்
தௌனோ


பூரோஸ்
23 நவம்பர் 1986

அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. எழுதுவதற்கு ஜன்னலோரம் போக வேண்டியிருக்கிறது. உனக்கு அங்கே இன்னும் மோசமாக இருக்கும்.

விருந்தாளிகளைப் பார்த்தேன். நீ சொன்னபடி நாற்காலியை நெருக்கிப் போட்டேன். இப்போது முழங்கால் டி.வி.யில் இடிக்கிறது.

ஒரே வீறிடலை மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் சமையல்காரி கத்துகிறாள், பிறகு கதாநாயகி அதே குரலில், பிறகு தாடிக்காரன் அதே குரலில்! அந்தத் தாடிக்காரன் கத்தும்போது நான் சிரித்த சிரிப்பில் லெம்பி எதிரிலிருந்து வந்து கதவைத் தட்டினாள். விண்கலம் கிளம்பும் ஓசை வேறொன்றுமில்லை, ஆலையில் எங்கள் நீராவி இஸ்திரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அந்த விருந்தாளி கதாநாயகி மேல் பாய்கிறானே, அந்த இடம் அபாரம். ஒரு அறிகுறியும் இல்லை. திடீரென்று பக்கத்திலிருந்து குதிக்கிறான். நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். அந்த இயக்குநருக்குப் பயமுறுத்தத் தெரிந்திருக்கிறது.

உடைகளைப் பற்றி இந்த முறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் கறுப்பு.

சலவை அறைக் கதவில் இடுப்பை இடித்துக்கொண்டேன். லெம்பி பார்த்துவிட்டு, "கதவு அங்கதான் இருபது வருஷமா நிக்குது. நீதான் புதுசா வந்தவ மாதிரி போற" என்கிறாள். வயதாகிறது, வேறென்ன.

ஹில்க்கா


கெமி
10 டிசம்பர் 1986

அன்புள்ள ஹில்க்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் சுகம். இடுப்புக்கு என்ன செய்தாய்? எலும்பில் படவில்லையே? சவுனா நீராவியில் நன்றாகச் சூடு காட்டு.

உன் கடிதத்தை என்னால் எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. என் பழைய மாணவன் யொர்மா ஓலுவிலிருந்து வந்திருந்தான். 'இரவல் ரத்தம்' என்று எங்கள் ரசிகர்களுக்காக ஒரு சின்ன இதழ் நடத்துகிறானே, அவன்தான். படித்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டான்.

"சார், உங்க தங்கச்சி சத்தத்தைப் பத்தி எழுதுறாங்க சார்! நாமெல்லாம் பூதத்தைப் பாத்துப் பாத்துக் காதை வாடகைக்கு விட்டுட்டோம். இதை நான் அச்சுல போடணும்."

"அவ திட்டுவா."

"திட்டட்டும் சார். அதையும் போடுவேன்."

அனுமதி கொடுப்பாயா? கொடுத்துவிட்டாய் என்றே அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம். விருந்தாளி திடீரென்று குதிக்கிறான் என்கிறாய். அவன் படத்தின் இடது ஓரத்திலிருந்து, எல்லோரும் பார்க்க, ஏதோ பேருந்துக்குப் போகிறவன் போல மெதுவாக நடந்து வருகிறான். அந்தப் படத்தில் பெரிய சிரிப்பே அதுதான். நீ காப்பி எடுக்க எழுந்து போயிருந்தாய், மாட்டிக்கொண்டாய்! உடைகளும் கறுப்பு அல்ல, மின்னும் வெள்ளித் தாள். உன் பிரதியில் நிறம் முழுக்கப் போய்விட்டது போலிருக்கிறது. யொர்மா எடுத்த பிரதி அது. அவனிடம் சொல்லவில்லை, மரியாதை!

இதோ மூன்றாவது. 'உப்பளத்துச் சகோதரிகள்.' போர்ச்சுகல் படம். இதில் பேய்களே மூத்த சகோதரிகள். யாரையும் கொல்வதில்லை, வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். உனக்குப் பிடிக்கும். ஒரு மஃப்ளரும் வைத்திருக்கிறேன்.

தௌனோ


பூரோஸ்
30 ஜனவரி 1987

அண்ணா,

மஃப்ளர் கழுத்துக்கு இதமாக இருக்கிறது. நல்ல கம்பளி. அச்சில் போடுவதென்றால் போடட்டும்.

உப்பளத்தை லெம்பியோடு பார்த்தேன். இப்போதெல்லாம் அவளும் கூட உட்கார்ந்துகொள்கிறாள். முணுமுணுப்பு மட்டும் நிற்பதில்லை. நடுவில் கேட்டாள்:

"ஏன்டி, அந்த ஜன்னல்கிட்ட நிக்கிறாளே, அவ செத்தவளா, உசுரோட இருக்கறவளா?"

"எந்த ஜன்னல்?"

"பாரு, இவ வெளையாட்ட! இவ்ளோ பெரிய ஜன்னல்."

உயிரோடு இருக்கிறவள் என்று சொல்லிவைத்தேன். பிறகு செத்தவள் என்று தெரிந்தது. லெம்பி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

உப்பு காலடியில் நொறுங்கும் ஓசை உண்மையானது. உண்மையான உப்பில் உண்மையாகவே நடந்திருக்கிறார்கள். அது மிகவும் பிடித்தது.

அண்ணா, ஒரு தடவை உங்கள் மரியாதையை மீறுகிறேன். ரசிகனாக வேண்டாம், வாத்தியாராகப் பதில் சொல். நீ அனுப்பிய கேசட்டில் படத்தின் மேல் பாதி முழுவதும் புகையாக இருக்கிறதா? உன்னிடம் இருக்கும் கேசட்டிலும் அப்படித்தானா?

எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். பேனா சரியில்லை.

ஹில்க்கா


கெமி
8 பிப்ரவரி 1987

அன்புள்ள ஹில்க்கா,

குளிர் கடுமை, ஆனால் நான் தாக்குப்பிடிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டு கடிதமாக எழுதவில்லை. அடுத்ததில் அதை முதல் வரியாக எழுது.

மீறிவிட்டாய்! யொர்மாவிடம் சொன்னால் உன்னை வட்டத்திலிருந்தே நீக்கிவிடுவான். ஆனால் வாத்தியாரைக் கேட்டிருக்கிறாய், வாத்தியார் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது புகைதான். அந்தப் படம் எடுத்தவர்கள் புகை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்களாம். எடுத்த வாடகை வீணாகக் கூடாதென்று உப்பளம், மாடிப்படி, கடைசியில் சமையலறை வரை விட்டுவிட்டார்கள். ஒரு காட்சியில் சூப் பரிமாறுகிறவளுக்கே கிண்ணம் தெரியாது. ஆகவே புகை இருப்பது குறை அல்ல.

இருந்தாலும், மேல் பாதி முழுவதும் என்றால் உன் டெக்கும் கொஞ்சம் காரணம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குப் படிந்திருக்கும். மூக்குக் கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டால் உலகமே மங்கும், உலகத்தின் மேல் தவறில்லை அல்லவா, அது போலத்தான். பஞ்சைச் சாராயத்தில் நனைத்து, ஒரே திசையில் மெதுவாகத் துடை. மேலும் கீழும் தேய்க்காதே, ஹெட் போய்விடும். பிறகு படத்தைச் சீராக்கும் ட்ராக்கிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. அவசரப்படாதே. தானாகத் தெளியும்.

பயப்பட ஒன்றும் இல்லை.

தௌனோ


கெமி
25 மார்ச் 1987

அன்புள்ள ஹில்க்கா,

என் பிப்ரவரிக் கடிதம் வந்ததா? வட்டத்திலிருந்து நீக்குவான் என்றெல்லாம் எழுதியது கேலி. அதை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று கவலையாக இருக்கிறது. போனில் கூப்பிட்டேன். லெம்பி எடுத்து, "அவ குளிக்கிறா" என்றாள். இன்னொரு நாள் கூப்பிட்டேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாய்.

'இரவல் ரத்தம்' வந்துவிட்டது. உன் கடிதம் 'பூரோஸ் அம்மையார்' என்ற பெயரில் கட்டுரையாக நடுப்பக்கத்தில். மூன்று வீறிடல், நீராவி இஸ்திரி, எல்லாம் அப்படியே. ரோவானியெமியிலிருந்து ஒருவர், இனி கண்ணை மூடிக்கொண்டுதான் படம் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறார். இதழை வைத்திருக்கிறேன், படி.

ஒரு வரி போதும், எழுது.

தௌனோ


பூரோஸ்
6 ஏப்ரல் 1987

மதிப்பிற்குரிய தௌனோ அவர்களுக்கு,

எதிர்வீட்டு லெம்பி எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். ஹில்க்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுதினேன் என்று அவளிடம் சொல்லிவிடுவேன், ஆனால் தபாலில் போட்ட பிறகு.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே அவள் டெக்கைத் துடைத்தாள். தினமும் துடைத்தாள். சாராய வாடை என் வீடு வரை வந்தது. தெளியவில்லை என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். நானும் இருந்தேன்.

அவன் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது அம்மா?" என்றான்.

"எங்க நல்லா ஓடுது? மேல் பாதி பூரா புகை."

"புகை கீழ, கால்கிட்டல்ல இருக்கு? மேல தெளிவா இருக்கே. மாடிப்படில ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி கையில விளக்கு."

"விளக்கு எரியுதா?"

"எரியுதும்மா."

அவள் திரையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ பிரிண்ட் நல்லா இருக்குங்கிற?"

"காப்பி எடுத்த கேசட்டுக்கு அருமையான பிரிண்ட். யாரு எடுத்தாங்களோ, கை சுத்தம்."

அவனுக்குக் கேக் வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு டி.வி.யை நிறுத்திவிட்டு, "லெம்பி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள். நான் அவளை ஜன்னல் விஷயத்தில் எவ்வளவு கேலி செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா சொன்னது இது. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு. வலிக்காது, சிவக்காது. அதான் தெரியாமப் போயிடுது. போனது திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்." வலது கண்ணில் அறுவை செய்தார்கள். பலிக்கவில்லை. இடதில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. சொட்டு மருந்து போடுகிறேன்.

நீங்கள் கூப்பிட்டபோது அவள் குளிக்கவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

லெம்பி


கெமி
15 ஏப்ரல் 1987

ஹில்க்கா,

லெம்பியின் கடிதம் கிடைத்தது. இதை அவர் உனக்குப் படித்துக் காட்டுவார் என்று எழுதுகிறேன்.

நேற்று உப்பளத்தைப் போட்டுப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னது சரி. புகை கீழேதான் இருக்கிறது. உனக்குப் பதில் எழுதுவதற்கு முன் நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கேசட் மேசை மேலேயே இருந்தது. நினைவிலிருந்தே எழுதிவிட்டேன், அந்தச் சூப்புக் கிண்ணம் வரைக்கும்.

நீ வெள்ளியைக் கறுப்பு என்றாய். நடந்து வந்தவனைக் குதித்தான் என்றாய். கதவில் இடித்துக்கொண்டாய். ஒரு மாணவன் விடைத்தாளில் இவ்வளவு எழுதியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன்.

எப்போதிலிருந்து, ஹில்க்கா? முன்னாடியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாரா? எனக்குத் தெரிய வேண்டும். நான் வரட்டுமா?

தௌனோ


பூரோஸ்
20 மே 1987

அண்ணா,

நான் சொல்ல லெம்பி எழுதுகிறாள். அவளுடைய கருத்துகளை இடையில் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. பனியனைப் பார்த்தேன், அது நிச்சயம். அதன் பிறகு ஒவ்வொரு கேசட்டும் கொஞ்சம் மோசமான கேசட்டாக வந்தது. அப்படித்தான் நினைத்தேன். இலையுதிர்காலத்தில் வந்திருந்தால் இடது கண்ணை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நீ கேட்டதால் சொல்கிறேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

புகையைப் பற்றி உன்னிடம் கேட்டபோது எனக்கு விடை தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்பே சமையலறையிலும் புகை இருந்தது, அண்ணா. படிக்கட்டிலும் இருந்தது. அங்கெல்லாம் கேசட் இல்லையே. ஆனாலும் கேசட்தான் காரணம் என்று நீ சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். நீ சொன்னாய். நன்றாகவே சொன்னாய். நம்புவது சுலபமாக இருந்தது.

இனிக் கேசட் அனுப்பாதே. லெம்பி பார்த்துச் சொல்ல, நான் கேட்கலாம் என்று ஒரு நாள் முயன்றோம்.

"இப்ப ஒருத்தன் வர்றான். ஐயோ, போயிட்டான்."

"யாருடி?"

"தெரியல. தொப்பி போட்டிருந்தான். இரு, இப்ப ஏதோ... சீ, அதை நான் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு நிறுத்தச் சொன்னேன். பார்க்காமல் கேட்டால் அந்தப் படங்கள் வெறும் கத்தல். ரோவானியெமிக்காரரிடம் சொல், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

இடதில் தெரிவதும் குளிர்காலம் வரை தாங்காது என்கிறார்கள். நீ வரலாம். ஆனால் அழக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. அந்தச் சத்தமெல்லாம் இப்போது எனக்கு மிகவும் கிட்டத்தில் கேட்கிறது.

ஹில்க்கா


கெமி
27 செப்டம்பர் 1987

'இரவல் ரத்தம்' வாசகர்களுக்கு,

தௌனோ எழுதுகிறேன். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவோம். இந்த முறை அதை யோசித்து எழுதுகிறேன்.

பூரோஸ் அம்மையார் ஏன் இரண்டு இதழாக எழுதவில்லை என்று பலர் யொர்மாவைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் என் தங்கை. அவருக்கு இப்போது பார்வை இல்லை. இடது கண்ணும் குளிர்காலத்துக்குக் காத்திருக்கவில்லை, ஆகஸ்டிலேயே போய்விட்டது. நீங்கள் பாராட்டிய அந்தக் கட்டுரையில் ஓசைகளைப் பற்றியே எழுதியிருந்தாரே, அது கண்ணை இழந்துகொண்டிருந்தவர் எழுதியது. அது தெரியாமல் நாம் கை தட்டினோம்.

ஜூலையில் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். நாற்காலிகள் இன்னும் டி.வி.யைப் பார்த்தே போட்டிருக்கின்றன. அணைந்த டி.வி. முன்னால் உட்கார்ந்து வானிலையைப் பேசினோம், லெம்பியின் பேரப்பிள்ளைகளைப் பேசினோம். படங்களைப் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது படிக்கட்டு வரை வந்தார். கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். "எழுது" என்றார். எழுதுகிறேன். பதில் வருவதில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு செத்துப்போகும் இந்த நோயைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பார்வையில் ஓட்டை விழுந்தால் அங்கே கறுப்பாகத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். தெரியாது. மூளை நம் படங்களை எடுப்பவர்களைப் போலத்தான் வேலை செய்கிறது. சுவரில் ஒரு பகுதி இல்லையென்றால் பக்கத்துச் சுவரின் வண்ணத்தையே கொஞ்சம் இழுத்துப் பூசிவிடுகிறது. கதவு நின்ற இடத்தில் கதவு இல்லை, சுவர்த்தாள் இருக்கிறது. நடந்து வரும் மனிதன் இல்லை, காலி அறை இருக்கிறது. ஒரு கண்ணில் இல்லாததை மறு கண் நிரப்புகிறது. இரண்டிலும் போகும் வரை ஒட்டு தெரிவதே இல்லை. நாம் வேறு, மங்கலான பிரதிகளைப் பார்த்துப் பழகியவர்கள். இருட்டைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை, பிரியம்தான் வருகிறது. நம் வட்டத்தின் மரியாதையை இனி யாரும் கடைப்பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் மங்கல் என்று யாராவது எழுதினால், பதில் எழுதுமுன் அதே கேசட்டை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இது குடும்பத்தில் வரும் நோயாம். நானும் கண்ணைக் காட்டினேன். "ஒண்ணும் இல்ல சார், உங்க வயசுக்கு அற்புதமான கண்ணு" என்றார் டாக்டர். அந்தக் கண்களோடு வீட்டுக்கு வந்தேன்.

ஐம்பது தாண்டியவர்களும், வீட்டில் யாருக்காவது இது இருந்தவர்களும் மருத்துவரிடம் போய்க் கண்ணின் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் செய்து பார்ப்பது அதற்கு ஈடாகாது. ஆனாலும் இன்றே செய்ய ஒன்று இருக்கிறது. எந்தப் படத்தையாவது போட்டு ஒரு காட்சியில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறு கண்ணால் திரையின் நடுவை மட்டும் பாருங்கள். பார்வையை நகர்த்தாமல், நான்கு மூலைகளிலும் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். சரிதானா என்று கேளுங்கள். பிறகு அடுத்த கண். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி யாரையாவது கூட்டிவந்து உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.